இரண்டு ஆடியும் ஒரு குடைக்காரனும்

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் ஆடி மாசம் இரண்டு தடவை வந்தது.

பஞ்சாங்கத்தில் கோளாறு ஒன்றும் இல்லை, எங்கள் பக்கத்து வழக்கத்தில்தான் கோளாறு. எங்கள் வீடு ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பிச்சாட்டூர் அணைக்குக் கீழே. நாங்கள் தமிழ் மாசம் பார்ப்பவர்கள். என் புருஷன் வீடு புத்தூர் பக்கம். வீட்டில் பாதி தமிழ், பாதி தெலுங்கு, பஞ்சாங்கம் மட்டும் முழுத் தெலுங்கு. புதுப்பெண்ணை ஆடியில் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றாள் அம்மா. தெலுங்கு மாசமான ஆஷாடத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே வாசப்படியைத் தாண்டக்கூடாது என்றார் அத்தை, என் மாமியார். சமாச்சாரம் ஒன்றுதான். ஆனால் ஆஷாடம் ஆனியிலேயே ஆரம்பித்துவிடும், அது முடிவதற்குள் ஆடி பிறந்துவிடும். எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளலாமே என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. சம்பந்தி வருத்தப்படுவார்களே என்று இரண்டு வீட்டாரும் மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தார்கள். அவ்வளவு விட்டுக்கொடுத்ததில் இரண்டும் எங்கள் தலையில் விழுந்தன. பதினைந்து நாள் குடித்தனம், அப்புறம் ஏழு வாரத்துக்கு மேல் ஆளுக்கொரு ஊர்.

ஆடி முதல் நாள் மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு அவர்களுக்கு ஆஷாடம் முடியவில்லை, மாப்பிள்ளை மாமியார் வீட்டுப் படி ஏறக்கூடாது. வடை, பாயசம் எல்லாம் செய்து வைத்துவிட்டு அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தை என் அப்பா, நைனாதான் சாப்பிட்டார்.

அந்தப் பதினைந்து நாளில் என் புருஷன் என்னிடம் பேசியதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். துன்னியா, தூங்கலியா, ஃபேன வேகமா வைக்கவா. கெட்டவர் இல்லை. வாய் இல்லை, அவ்வளவுதான். எனக்கோ வாய் மட்டும்தான் உண்டு என்று அம்மா சொல்வாள். ஒரு மத்தியானம் அவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். கிரிக்கெட் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். போனில் ஒருத்தன் வாளைத் தூக்கிக்கொண்டு ஓட்டுக்கூரைமேல் ஓடிக்கொண்டிருந்தான்.

“இது மூணாவது சீசனா?” என்று கேட்டேன்.

இயர்போனைப் பிடுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். தாலி கட்டும்போதுகூட அப்படிப் பார்க்கவில்லை.

எனக்கு அனிமே பழக்கம், ஜப்பான்காரர்கள் வரையும் கார்ட்டூன் தொடர் பார்க்கும் பழக்கம், திருப்பதியில் டிப்ளமோ படிக்கும்போது வந்தது. ஹாஸ்டலில் ஒரு கட்டிலில் மூன்று பேர் படுத்துக்கொண்டு ஒரே போனில் பார்ப்போம். கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை வேகமாகப் படிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே மலை, போனுக்குள் வேறொரு மலை. எந்த மலையில் மேகம் இறங்குகிறது என்று சில சாயங்காலங்களில் நிஜமாகவே தெரியாமல் போய்விடும். காதல் கதைகள்தான் எனக்குப் பிடிக்கும். அவருக்கு வெட்டு, குத்து.

என்னை அழைத்துப் போக அம்மா வந்த அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா பழம் வாங்கப் போனபோது, “ஜூலைல புதுசா ரெண்டு ஆரம்பிக்குது. ஒண்ணு சண்ட, ஒண்ணு லவ்வு. ரெண்டையும் ரெண்டு பேரும் பாக்கலாம். பாத்துட்டு எப்டி கீதுன்னு சொல்லணும்” என்றார். அவர் பேசி நான் கேட்ட முதல் நீளமான பேச்சு அதுதான். சரி என்று தலையாட்டினேன்.

இரண்டு பேரும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில்தான் வேலை செய்தோம், வேறு வேறு கம்பெனியில். போனுக்குள்ளே வைக்கிற சின்ன போர்டுகளைச் சோதிக்கிற வேலை எனக்கு. அவருக்கு ஏசி மிஷின் கம்பெனி. சத்தியவேட்டில் இன்னும் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். நான் அம்மா வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வந்தேன். விடியற்காலையில் பஸ் கூட்டுரோட்டுக்கு வரும். கம்பெனி கேட்டில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அதனால் எபிசோட் பார்ப்பது, அதைப் பற்றி அவருக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவது எல்லாம் கேட் வருவதற்குள் முடிய வேண்டும்.

அந்த விடியல்கள் எப்படி இருந்தன என்று சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். அணைத் தண்ணீர் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும், அதற்கு மேலே மலைகள் தரையில் கால் வைக்காமல் நிற்கும். என் மடியில் இருக்கும் போனுக்குள் மழை பெய்துகொண்டிருக்கும். கண்ணை மூடித் திறந்தால் மழை வெளியே பெய்வதுபோலவும் மலை போனுக்குள் இருப்பதுபோலவும் இருக்கும்.

காதல் தொடரின் கதை இதுதான். ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். பயணிகள் தொலைத்துவிட்டுப் போகும் சாமான்களைப் பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுக்கும் அறையில் ஒரு பெண் வேலை செய்கிறாள். வாரத்துக்கு ஒருநாள் ஒருத்தன் வந்து, குடையைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி ஒரு குடையை வாங்கிக்கொண்டு போகிறான். அது அவன் குடை இல்லை. அடுத்த வாரம் அதையே எங்காவது விட்டுவிட்டு மறுபடி வருகிறான். அவளைப் பார்க்கத்தான் வருகிறான். ஆனால் வாயைத் திறக்க மாட்டான்.

சண்டைத் தொடரில் இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரு பெரிய வாசல். ஒரு பெண் ஈட்டியோடு அதைக் காவல் காக்கிறாள். இந்த நாட்டுக்காரன் அவளை அந்த நாட்டுக்காரி என்கிறான், அந்த நாட்டுக்காரன் இந்த நாட்டுக்காரி என்கிறான். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காரும் அக்கா, எங்கள் லைனில் என்னோடு வேலை செய்பவள், இதைக் கேட்டுவிட்டு, “அவ நம்ம பக்கத்து ஆளுதான். மெட்ராஸ் போனா நாம தெலுங்கு கொல்ட்டி, திருப்பதி போனா தமிழ் அரவம்” என்றாள். எழுத்தைப் படிக்காமலே பார்ப்பாள். பாத்திரங்களின் முகத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். குடைக்காரனைப் பற்றி, “இன்னாத்துக்கு இப்டி முழிச்சிக்கினே கீறான்? வயித்து வலியா?” என்பாள்.

அவருடைய முதல் வாய்ஸ் வந்த அன்றைக்கு அதை மூன்று தடவை கேட்டேன். முதலில் கொஞ்ச நேரம் அவர் பஸ்ஸின் இரைச்சல் மட்டும். அப்புறம் ஒரு செருமல். அப்புறம், “குடக்காரன் நல்லவன். அந்தப் பொண்ணுக்கு அது அவன் குட இல்லன்னு தெரியும். தெரிஞ்சிதான் குடுக்குறா. அப்புறம் இன்னாத்துக்கு வாயத் தொறந்து சொல்லணும்?”

எனக்குச் சுருக்கென்றது. “சொன்னாதாங்க தெரியும். மனசுல வச்சிக்கினே இருந்தா, அவ இன்னா ஸ்கேனிங் மிஷினா?” என்று போட்டேன். அரைமணி கழித்து அவர் சிரிக்கும் சத்தம் மட்டும் ஒரு வாய்ஸாக வந்தது. பேச்சே இல்லை, சிரிப்பு மட்டும்.

அப்படித்தான் வாரங்கள் நகர்ந்தன. வாசல்காரி யாருக்கும் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாளே, இவள் மனுஷியா என்று கேட்டேன். பன்னிரண்டு எபிசோடில் ஒரே ஒரு தடவை திறப்பாள், அது யாருக்கு என்பதுதான் கதையே என்றார். சண்டை நடுவில் அவள் ஈட்டியைக் கீழே ஊன்றி மூச்சு வாங்கும் இடத்தை அவர் நாலு தடவை பார்த்தாராம். “அடிக்கிறத எல்லாரும் நல்லா வரைவாங்க. களைப்ப வரையறதுதான் கஷ்டம்” என்றார். பத்து மணிநேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவர் சொன்னது அது.

பதினைந்து நாள் பக்கத்தில் படுத்தும் தெரியாத மனுஷனை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். யாருக்குப் பாவம் பார்க்கிறார், எதற்குச் சிரிக்கிறார், எந்த இடத்தில் குரல் இறங்குகிறது என்றெல்லாம். எங்கள் பஸ்ஸும் அவருடைய பஸ்ஸும் ஸ்ரீ சிட்டி ரவுண்டானாவில் சில நாள் ஒன்றை ஒன்று கடக்கும். ஜன்னலில் அவர் முகம் வரும், போகும். கை காட்டக்கூட நேரம் இருக்காது. பார்க்கக்கூடாத மாசத்தில் பார்க்கிறோமே என்று கொஞ்சம் பயம். அதைவிட அதிகமாக சந்தோஷம். புருஷன்மேல் எனக்கு ஆசை வந்தது அந்த ரவுண்டானாவில்தான்.

ஐந்தாவது எபிசோடில் அந்தப் பெண்ணுக்குத் தலைநகரத்துப் பெரிய ஸ்டேஷனுக்கு மாற்றல் வருகிறது. ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மாற்றல். குடைக்காரன் அன்றைக்கும் வந்து, அன்றைக்கும் ஒன்றும் சொல்லாமல் குடையை வாங்கிக்கொண்டு போகிறான். அவள் வாசல்வரைக்கும் போய் அவன் முதுகைப் பார்க்கிறாள். திரும்பி வந்து மாற்றல் கடிதத்தை நாலாகக் கிழிக்கிறாள். வேலையே வேண்டாம், இந்த ஊரே போதும் என்கிறாள்.

மற்ற நாளாக இருந்தால் எழுதியவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். அன்றைக்கு அணைமேல் முதல் வெயில் விழுந்து தண்ணீரெல்லாம் ரோஸ் கலராக இருந்தது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அக்கா என் தோளில் சாய்ந்து, “இப்பதான் அவ பொண்ணு” என்றாள். நானும் போனை வாயருகே வைத்து, “அவ பண்ணதுதாங்க சரி. வேல இன்னா பெரிய வேல, எங்க போனாலும் கிடைக்கும். அப்டி ஒருத்தன் கிடைப்பானா?” என்று போட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணைச் சாக்காக வைத்து, உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லப் பார்த்தேன்.

நாலைந்து நாள் கழித்து டியூட்டி முடிந்து வந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். “உங்க அத்த போன் பண்ணாங்க. ஆவணியில இருந்து நீ வேலைய வுட்டுட்டு புத்தூர் வூட்லயே இருந்துக்கிறியாமே. அம்மாயி மனசு பங்காரம், தங்கமான பொண்ணுன்னு சொல்லிச் சொல்லி பூரிச்சிப் போறாங்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“யாரு சொன்னது?”

“மாப்பிளதான் சொன்னாராம். உனக்கு வேல மேல அவ்ளோ இஷ்டம் இல்லன்னு.”

குழாயை மூடினேன். டிபன் பாக்ஸ் கையிலேயே இருந்தது. என்னைப் பற்றி யாரோ முடிவு செய்துவிட்டார்கள், அதை என் குரலை வைத்தே செய்திருக்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த வேலை எனக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்ததில்லை. சொந்தமாக ஒரு துண்டு நிலம் வருவதற்கு முன்பு நைனாவும் அவருக்கு முந்தினவர்களும் அடுத்தவர் நிலத்தில் குனிந்த முதுகு நிமிரவில்லை. நான் வெள்ளைக் கோட்டு போட்டு, கூந்தலைக் குல்லாவுக்குள் சொருகி, குளிர்ந்த அறையில் என் சீட்டில் உட்கார்வேன். பூதக்கண்ணாடிக்குக் கீழே போர்டை வைத்தால் கோடு கோடாக ஓர் ஊரே தெரியும். எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்று கண்டுபிடிப்பது என் வேலை. கண்டுபிடிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே ஒன்று துள்ளும். இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. குடைக்காரனைப் பற்றி அரைமணி பேசியிருக்கிறேன், இதைப் பற்றி அரை வார்த்தை பேசியதில்லை.

ஆனால் அன்றைக்கு அப்படியெல்லாம் நியாயமாக யோசிக்கவில்லை. கோபம்தான் வந்தது. அந்த வாரம் வாய்ஸ் போடவில்லை. “பாத்தியா?” என்று கேட்டார். “வாசல்காரி கைய இழந்துட்டா, பாத்தியா?” என்று கேட்டார். ரவுண்டானாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போர்டுகளில் கண் நிற்கவில்லை. இரண்டு தப்பை விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆடி முடிய நாலு நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட் வரைக்கும் நடந்து போய், லாக்கரிலிருந்து போனை எடுத்து அவருக்கு நேராகப் போன் பண்ணினேன். கல்யாணமான பிறகு அதுதான் நான் அவருக்குப் பண்ணிய முதல் போன். அவருக்கும் அது சாப்பாட்டு நேரம்.

“நா வேலைய வுடமாட்டேன்” என்றேன்.

அந்தப் பக்கம் தட்டு வைக்கும் சத்தம். “நீதான வேல இன்னா பெரிய வேலன்ன?”

“அது அந்தப் பொண்ணப் பத்தி. ஒரு படத்தப் பத்தி சொன்னத வச்சி என் வேலைய எடுத்துக் குடுத்துட்டீங்களே, என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?”

ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “நீ என்கிட்ட பேசனதெல்லாம் அதப் பத்திதான. வேற எத வச்சி உன்னத் தெரிஞ்சிக்கிறது?” என்றார். குரல் இறங்கியிருந்தது. சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். ஆனாலும் எனக்குத் தோற்க மனசில்லை. “உங்க அம்மாகிட்ட நீங்கதான சொன்னீங்க. நீங்களே போய் மாத்திச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டேன்.

ஆவணி பிறந்த இரண்டாம் நாள் அத்தையும் அவரும் என்னை அழைத்துப்போக வந்தார்கள். புடவை, பூ, பழம் எல்லாம் தட்டில். அம்மா என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். நைனா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். காப்பி குடித்துவிட்டு அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையில் பூ வைத்தார். “கம்பெனில லெட்டர் குடுத்துட்டியா அம்மாயி?” என்று கேட்டார்.

அவர் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்தது. நான் அவரைப் பார்த்தேன்.

அவர் செருமினார். “அம்மா, அது…” என்று ஆரம்பித்தார். எல்லோரும் திரும்பினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இங்கேயும் குடையை வாங்கிக்கொண்டு போகிறானா என்று நினைத்தேன். அப்போது அவர் நிமிர்ந்து, “நா சொன்னா திரும்பியும் தப்பாத்தான் போவும். அவளக் கேளும்மா” என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். உதவி செய்யவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வாரமாக அந்த வாயில்லாத குடைக்காரனைக் கோழை, மக்கு, தேங்காய் மூளை என்று திட்டித் தீர்த்தவள் நான். என்னைச் சுற்றி இருக்கும் அத்தனை பேரும் என்மேல் பிரியமானவர்கள், அதனாலேயே பேச்சு வரவில்லை.

“அத்த, எனக்கு அந்த வேல புடிக்கும். நா வுடல. சத்தியவேட்ல வூடு பாத்துக்கினு ரெண்டு பேரும் அங்க இருந்து போறோம். லீவுக்கெல்லாம் புத்தூர் வர்றோம்.”

அம்மா, “அய்யோ” என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. அத்தையின் கை என் தலையிலிருந்து விலகியது.

“பின்ன இவன் வேற மாதிரி சொன்னானே?”

“அது நா ஒரு கதையப் பத்தி சொன்னது அத்த. அவரு என்னப் பத்தின்னு நெனச்சிக்கினாரு. என்னப் பத்தி யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

வெளியே யாரோ டிராக்டரை முடுக்கிக்கொண்டிருந்தார்கள், அது பிடிக்காமல் பிடிக்காமல் நின்றது. அத்தைக்கு வருத்தம் என்று முகத்தில் நன்றாகவே தெரிந்தது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. ஆவணியிலிருந்து வீட்டில் பேச்சுத்துணை இருக்கும் என்று எத்தனை பேரிடம் சொல்லிவைத்திருந்தாரோ.

“மீ பஸ்ஸு என்னி கண்டலக்கி?” என்று பஸ் நேரத்தைக் கேட்டார். மனசு சரியில்லாதபோது அவருக்குத் தெலுங்குதான் வரும்.

“அஞ்சே காலுக்கு அத்த.”

அவர் தட்டிலிருந்த புடவையை எடுத்து என் மடியில் வைத்தார். அப்புறம் மகன் பக்கம் திரும்பினார். “நாலு மணிக்கு எழுந்து நீ சோறு வெய்யி. ரெண்டு பேரும் வேலக்கிப் போறவங்க, இவ ஒருத்தியே வெந்துக்கினு கெடப்பாளா?”

அவர் வழக்கம்போலத் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். “சரிம்மா, வைக்கிறேன்” என்று எல்லோர் காதிலும் விழும்படி வாயைத் திறந்து சொன்னார்.